நிலம் அதிர்கிறது, சாதி அசைய மறுக்கிறது

1934 ஜனவரி 15 அன்று பிற்பகலில் பீகாரும் நேபாளமும் அதிர்ந்தன. ஏறத்தாழ 8 அளவு கொண்ட அந்த நிலநடுக்கம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தீண்டாமைக்கு எதிரான நாடு தழுவிய சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அந்த நாட்களில் தென்தமிழகத்துக்கு வந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே பீகார் பேரழிவு என்று தாம் நம்புவதாகக் கூறினார். அடுத்த நாட்களில் மதுரை வந்தபோது, கோயில் நுழைவு மறுக்கப்பட்ட மக்களின் நகரமாகவே மதுரை இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காந்தியின் கருத்தைத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. அதற்கு அறநெறிக் காரணம் கற்பித்தால், அதே தர்க்கத்தைச் சனாதனிகளும் பயன்படுத்தலாம் என்பது அவருடைய வாதம். அது நியாயமான எச்சரிக்கை. கோயில் நுழைவு இயக்கத்தால்தான் கடவுள் சினம் கொண்டார் என்று சொல்லவும் அன்று ஆட்கள் இருந்தார்கள்.

தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பிறகு இந்த விவாதத்தை நாம் வேறோர் இடத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தீண்டாமை நிலநடுக்கத்தை வரவழைப்பதில்லை. அதில் தாகூர் சொன்னதே சரி. ஆனால் நிலநடுக்கத்துக்குப் பின் யாருக்குக் கூடாரம், யாருக்குக் குடிநீர், யாருக்கு வீடு, யார் பிணம் அகற்ற வேண்டும் என்பவற்றை இந்த நாட்டில் தீண்டாமை தீர்மானித்திருக்கிறது. நிலநடுக்கங்களிலிருந்து சமூகங்கள் பாடம் கற்கின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எந்தப் பாடத்தைக் கற்றன, எதைக் கற்க மறுத்தன என்பதே நம் கேள்வி.

கற்ற பாடம்: கட்டடம்

நிலநடுக்கம் நேரடியாகக் கொல்வது குறைவு. சரியும் கட்டடங்களே பெரும்பாலும் கொல்கின்றன. பொறியியல் உலகம் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0 அளவில் நிலம் அதிர்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே சிலியில் 8.8 அளவில் நிலம் அதிர்ந்தது. வெளிப்பட்ட ஆற்றல் பல நூறு மடங்கு அதிகம். உயிரிழந்தோரோ சுமார் 500 பேர். 1960இல் 9.5 அளவிலான நிலநடுக்கத்தைச் சந்தித்த சிலி கட்டட விதிகளை எழுதி, அவற்றை நடைமுறைப்படுத்தவும் செய்தது. ஹெய்ட்டியின் ஏழைகளுக்கு அத்தகைய விதியும் இல்லை, அதற்கான வசதியும் இல்லை.

இந்தியாவும் கற்றது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசிய நிலப்பரப்பை முட்டுகிறது. பெரும் அதிர்வுகள் இமயத்தின் அடிவாரத்தில் நிகழ்வது இதனால்தான். தக்காணம் உறுதியான பாறை நிலம், அங்கே ஆபத்தில்லை என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராட்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் அந்த நம்பிக்கை உடைந்தது. 6.2 அளவுதான், ஆனால் உறக்கத்தில் இருந்த 8,000 பேருக்குக் குறையாமல் மடிந்தனர். அன்றைய வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த ஆபத்துடைய முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் வெளியான திருத்தத்தில் முதல் மண்டலம் என்ற வகையே நீக்கப்பட்டது. ஆபத்தே இல்லாத நிலம் என்று எதுவும் இல்லை என்பதை அரசு எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டது.

அந்த வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலத்திலும், கோவையும் சென்னையும் மூன்றாம் மண்டலத்திலும் இருந்தன. 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை உலுக்கிய அதிர்வும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் தோன்றிய அதிர்வும் தமிழகத்தின் பதிவேட்டில் உள்ளவை. எனவே மதுரைச் சமவெளியில் பேரழிவு நாளையே வரும் என்று நாம் அச்சமூட்டவில்லை. ஆபத்து குறைவு என்பதால் ஆயத்தமும் தேவையில்லை என்ற எண்ணமே லாத்தூரில் கொன்றது என்பதைத்தான் நினைவூட்டுகிறோம்.

கற்க மறுத்த பாடம்: சாதி

லாத்தூரில் கவனிக்கத்தக்க ஒன்று நடந்தது. மண் சாந்து வைத்துக் கட்டிய பருத்த கல் சுவர்களும், மரச்சட்டத்தின் மேல் கனமாக மண் பரப்பிய கூரைகளும் சரிந்து, உள்ளே இருந்தவர்களைப் புதைத்தன. மரக்கால் நட்டு ஓலையோ புல்லோ வேய்ந்த குடிசைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அதாவது, வசதி படைத்தோரின் கல் வீடுகளைவிட ஏழைகளின் குடிசைகள் பாதுகாப்பாக இருந்தன. நிலம் சாதி பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த மறுவாழ்வுத் திட்டம் பார்த்தது. முற்றிலும் அழிந்த கிராமங்களைப் புது இடங்களில் அமைத்தபோது, வீட்டின் அளவு நிலவுடைமையின்படி வரையறுக்கப்பட்டது. நிலமற்றோருக்கும் மிகச்சிறு நிலமுடையோருக்கும் 250 சதுர அடி, நடுத்தர நிலவுடைமையாளருக்கு 400, பெருநிலக்காரருக்கு 750. தலித்துகள் தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்கள் என்பது யாவரும் அறிந்தது. நிலத்தை அளவுகோலாக்கிய உடனேயே சாதி அளவுகோலாகிவிடுகிறது. அரசாணையில் 'சாதி' என்ற சொல் இடம்பெறத் தேவையே இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் இழந்து நின்ற ஒரு காலைப்பொழுதில் சமத்துவமாகத் தொடங்கியிருக்கக்கூடிய ஊர்கள், பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய சிமெண்டில் வார்த்துக்கொண்டன.

2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் கட்ச் பகுதி அதிர்ந்தது. குடியரசு நாள் ஊர்வலத்தில் சென்ற பள்ளிப் பிள்ளைகள் அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் இடிபாடுகளுக்குள் புதைந்தனர். மாநிலத்தில் 13,800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த சில வாரங்களில், முகாம்கள் சாதிவாரியாகவும் மதவாரியாகவும் பிரிந்து கிடந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பணமும் உணவும் காகிதத்தில் எல்லாருக்கும் சமமாக ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் தங்குமிடம், மின்சாரம், குழாய் நீர் ஆகியவை தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. இந்த அழிவிலிருந்து குஜராத் பெற்ற நிர்வாகப் பாடம் பெரிது: அதே ஆண்டில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், 2003இல் தனிச் சட்டம். 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வருவதற்கு அது முன்னோடியாயிற்று. முகாமுக்குள் சாதி நுழைந்தது மட்டும் நிர்வாகப் பாடங்களின் பட்டியலில் ஏறவில்லை.

ஏறியிருந்தால் நாகப்பட்டினத்தில் அது மீண்டும் நடந்திருக்குமா? 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறித்தது. அதில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தில். பிற சமூகத்தார் முகாமில் சேர்க்க மறுத்ததால் தலித்துகள் தனியே தங்க நேர்ந்ததும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட அவர்கள் தடுக்கப்பட்டதும் அன்றே செய்திகளாயின. படகும் வலையும் இழந்தவர்களே பாதிக்கப்பட்டவர்கள் என்று முதலில் கணக்கிடப்பட்டது. உப்பு நீர் ஏறிய வயல்களில் கூலி இழந்த தலித் தொழிலாளர்கள் அந்தக் கணக்குக்குள் வரவே போராட வேண்டியிருந்தது. அழுகிய உடல்களை அகற்றப் பிற நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களில் மிகப்பெரும்பாலோர் தலித்துகள். பலருக்குக் கையுறையும் காலணியும்கூட முறையாக வழங்கப்படவில்லை.

லாத்தூர், கட்ச், நாகை என்று பதினொரு ஆண்டுகளில் மூன்று பேரழிவுகள். கம்பியும் கான்கிரீட்டும் பற்றிய அறிவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியது. சாதி பற்றிய அறிவு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியது.

ஜப்பானின் இரு நினைவுகள்

இது நமக்கு மட்டுமே உரிய குறையன்று. நிலநடுக்கத்திலிருந்து கற்ற நாடு என்றால் அனைவரும் ஜப்பானைச் சுட்டுவர். 1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோவும் யோக்கோகாமாவும் அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டே நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதி வந்தது. 1960 முதல் செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இது போற்றத்தக்கது.

ஆனால் அந்த செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, காவலர்களும் படையினரும் ஊர்க் காவல் குழுக்களும் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றனர். சிபா மாகாணத்தின் ஃபுகுதா கிராமத்தில், ஊர் ஊராகச் சென்று மருந்து விற்ற ஒரு குழுவைக் கொரியர்கள் என்று கருதி மக்கள் தாக்கினர். ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் புராக்குமின் சமூகத்தினர்: தோல், இறைச்சித் தொழில்களோடு பிணைத்துத் தலைமுறைகளாக ஒதுக்கிவைக்கப்பட்ட, நம்மோடு ஒப்பிடத்தக்க மக்கள். இச்சம்பவம் பல பத்தாண்டுகள் பேசப்படாமல் கிடந்தது. நூறாண்டு கழித்து 2023இல்தான் திரைப்படமாக வந்தது. கொல்லப்பட்ட கொரியருக்கான நினைவு நிகழ்வுக்கு ஆண்டுதோறும் இரங்கற்செய்தி அனுப்பும் வழக்கத்தைத் தோக்கியோ ஆளுநர் 2017இல் நிறுத்திக்கொண்டார்.

1995 ஜனவரி 17 அன்று கோபே அதிர்ந்து, 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று நகாத்தா. காலணித் தொழில் செய்த, கொரிய வம்சாவளியினரும் புராக்குமின் மக்களும் வாழ்ந்த, பழைய மர வீடுகள் நெருங்கிய பகுதி அது. 1981இல் வந்த புதிய கட்டட விதி புதிய வீடுகளைக் காத்தது. பழைய வீடுகளில் முடங்கியோரை அது எட்டவில்லை. உலகிலேயே நன்றாகக் கற்ற சமூகமும், விளிம்பில் வைத்திருந்தவர்களைப் பாடத்துக்கு வெளியேதான் வைத்திருந்தது.

மதுரைச் சமவெளியின் சுவர்கள்

மதுரையில் 'நிலநடுக்கம்' என்ற சொல் பொதுவெளியில் அடிபடுவது பெரும்பாலும் முல்லைப் பெரியாறு குறித்துத்தான். 1895 முதல் இச்சமவெளிக்கு நீர் தரும் அந்த அணை அதிர்வைத் தாங்குமா என்று இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றம் வரை வாதாடின. வல்லுநர் குழு அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 தீர்ப்பு 142 அடி நீர்மட்டத்தை அனுமதித்தது. வாதம் முழுவதும் இரு மாநில நலன்களாகவே நடந்தது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்வோரில் பலர், தமிழகச் சமவெளிகளிலிருந்து மலையேறிய தலித் குடும்பங்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு அங்கே நிலமில்லை, இங்கே ஊரில்லை. அணை பற்றிய அச்சமானாலும் உரிமையானாலும், பேசியவர்கள் அவர்களைக் கேட்டுப் பேசவில்லை.

சமவெளிக்குத் திரும்புவோம். சுவர்கள்தாம் கொல்கின்றன என்றால், இம்மாவட்டத்தின் மிகப் பெயர்பெற்ற சுவரை நாம் அறிவோம். உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்டு, தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற அந்தச் சுவரில் ஒரு பகுதி, நீண்ட போராட்டத்துக்குப் பின் 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. தீண்டாமைச் சுவரை நாம் மானப் பிரச்சினையாகப் பேசுகிறோம், அது சரியே. ஆனால் அது உயிர்ப் பிரச்சினையும் ஆகும். நிலம் அதிரும்போது மக்கள் ஓட வேண்டியது திறந்த வெளிக்கு. வழியை அடைத்து நிற்கும் சுவர் சரிந்தாலும் கொல்லும். சரியாமல் நின்றாலும் கொல்லும்.

இது கற்பனை அன்று. 2019 டிசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில், தனியார் வீட்டைச் சுற்றி எழுப்பிய உயர்ந்த மதில் மழையில் சரிந்து, அடுத்திருந்த அருந்ததியர் வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அந்தச் சுவர் ஆபத்தானது என்று தாங்கள் முன்பே முறையிட்டதாகக் குடியிருப்போர் கூறினர். அங்கே நிலம் அதிரவே இல்லை. ஒரு மழையே போதுமாக இருந்தது.

இந்தக் கண்ணோடு நம் காலனிகளைப் பார்ப்போம். கண்மாய்க்கு அடியிலோ, ஓடைப் புறம்போக்கிலோ, ஊரின் தாழ்ந்த பகுதியிலோ அவை ஒதுங்கிக் கிடக்கின்றன. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில் பல, கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிய நிற்கின்றன. லாத்தூருக்குப் பின் பொறியாளர்கள் வலியுறுத்திய எளிய முறை ஒன்று உண்டு. கதவு, சன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் வீடு முழுவதையும் சுற்றி ஒரே பெல்ட் கான்கிரீட் போட்டால், நான்கு சுவர்களும் தனித்தனியே பிரிந்து விழாமல் ஒன்றாக அசையும். வீட்டின் மொத்தச் செலவில் இது சிறு பகுதியே. குடிசையிலிருந்து கான்கிரீட் கூரைக்கு மாறுவது நம் மக்களின் நியாயமான கனவு. ஆனால் லாத்தூர் சொல்வது இதுதான்: தரமற்ற சுவரின் மேல் ஏற்றிய கனத்த கூரை, குடிசையைவிடக் கொடியது. காலனி வீடுகளில் ஒப்பந்ததாரர் சிமெண்டைக் குறைத்தால் அது ஊழல் மட்டுமன்று. தள்ளிவைக்கப்பட்ட கொலையும் ஆகும்.

வீட்டுக்கு வெளியே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பேரிடர்க் காலத்தில் தங்குமிடம் என்று குறிக்கப்படுபவை பெரும்பாலும் பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், திருமண மண்டபம். அவற்றில் பல ஊருக்குள் இருக்கின்றன. இறந்தவரின் உடலைக்கூட ஊர்த் தெரு வழியாகக் கொண்டுபோக விடாத கிராமங்கள் இங்கே உண்டு. உயிரோடு ஓடிவரும் நூறு குடும்பங்களுக்கு அதே தெரு தானாகத் திறந்துவிடும் என்று எந்தத் திட்டம் நம்புகிறது?

சட்டம் சொல்வதும் நாம் செய்யக்கூடியதும்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு தெளிவானது: இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது. ஆனால் குற்றங்களும் தண்டனைகளும் 51 முதல் 60 வரையிலான பிரிவுகளோடு முடிந்துவிடுகின்றன. பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு அதற்கு அடுத்த பல்வகை அத்தியாயத்தில் வருகிறது. மீறினால் என்ன தண்டனை என்று அப்பிரிவில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொது நீர்நிலையையும் பொது இடத்தையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அதன்படி குற்றம். கடமை தவறும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது. முகாமில் தண்ணீர் மறுக்கப்பட்டால் அதைச் சில்லறைத் தகராறு என்று அதிகாரி ஒதுக்கிவிட முடியாது என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

முன்கூட்டியே என்பதுதான் முக்கியம். பேரழிவு நடந்த பின் சாதியைப் பற்றிப் பேசினால், இந்த நேரத்திலுமா என்று கேட்பார்கள். எனவே அமைதிக் காலமே நமக்கான காலம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அது மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். மாவட்ட ஆட்சியரே அதற்கான ஆணையத்தின் தலைவர். மதுரை மாவட்டத் திட்டத்தை எடுத்து நாம் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது, காலனிகள் தனித்தனியே பெயரோடு அதில் இருக்கின்றனவா? வீட்டுச் சுவரின் நிலை, வெளியேறும் வழி, அருகிலுள்ள திறந்த வெளி ஆகியவை குறிக்கப்பட்டுள்ளனவா? கட்டடவியல் பயிலும் மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் சேர்ந்தால் ஓர் ஒன்றியத்தின் காலனிகளை ஒரு விடுமுறைக்குள் கணக்கெடுத்துவிடலாம்.

இரண்டாவது, பட்டா இல்லாதோர், வாடகைக்குக் குடியிருப்போர், கூலி மட்டுமே உடையோர் ஆகியோரின் இழப்பு எப்படிக் கணக்கிடப்படும்? 2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பின் வீட்டு மானியம் பெறுவதில் நிலப்பத்திரம் இல்லாத தலித்துகள் பின்தங்கினர். பட்டாவுக்கான போராட்டம் பேரிடர் ஆயத்தமும் ஆகும்.

மூன்றாவது, உடல்களையும் இடிபாடுகளையும் அகற்றுவோர் யார்? அவர்களுக்கான பாதுகாப்புக் கருவிகள், தடுப்பூசி, கூடுதல் ஊதியம், மனநல உதவி திட்டத்தில் உள்ளனவா? அல்லது அந்தப் பணி யாருடையது என்பதைச் சாதியே சொல்லிவிடும் என்று திட்டம் எழுதியவர்கள் விட்டுவிட்டார்களா?

நான்காவது, மறுகட்டுமானம் எந்த வடிவில் நடக்கும்? இதற்கான முன்மாதிரி இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் 1998இல் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், நாற்பது தலித்துகளுக்கு, மற்றவை பிற சமூகத்தாருக்கு, அடுத்தடுத்த வாசல்களாக. அத்திட்டத்தின் குறைகளைப் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. ஆயினும் வீட்டு ஒதுக்கீட்டைச் சாதிக்கு எதிராக வடிவமைக்க ஓர் அரசால் முடியும் என்பதை அது காட்டியது. லாத்தூர் நிலவுடைமையை அளவுகோலாக்கியது. மேலக்கோட்டை அதை மறுத்தது. பேரிடருக்குப் பின் கட்டப்படும் குடியிருப்புகள் இரண்டில் எதைப் பின்பற்றும் என்பதை இன்றே எழுதி வாங்க வேண்டும்.

பீகார் அதிர்ந்த 1934இல் தீண்டாமையை நிலநடுக்கத்தின் காரணமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று எவரும் அப்படிச் சொல்வதில்லை. தீண்டாமையைப் பேரிடரோடு சேர்த்துப் பேசவே வேண்டாம் என்கிறார்கள். நிலநடுக்கத்தின் நாளை எந்த அறிவியலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதற்கு அடுத்த நாள் முகாமின் வாசலில் யார் நிறுத்தப்படுவார்கள் என்பதை நாம் இப்போதே சொல்ல முடியும். தடுக்க முடியாத ஒன்றைத் தாங்கி நிற்கக் கோடிகள் செலவிட்டுக் கற்கும் அரசு, தடுக்கக்கூடிய இதையும் கற்கும்வரை அந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டிருப்பது நம் வேலை.